தாத்தாவின் டபுள் பேரல் திறக்க மறுத்த கதை

கோத்தகிரிக்காரன்:

எங்கள் வீட்டில் இருப்பது தாத்தா காலத்துப் பன்னிரண்டு போர் (12 bore) இரட்டைக் குழல் துப்பாக்கி. பர்மிங்காமில் செய்தது. தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்களான குதிரைகள் வெளியே தெரியாது, உள்ளே ஒளிந்திருக்கும். 1875இல் ஆன்சன், டீலி என்ற இருவர் கொண்டுவந்த அமைப்பு. குழலை மடக்கித் திறக்கும்போதே உள்ளே இரண்டு குதிரைகளும் ஏறி நின்றுவிடும். தாத்தா காட்டுப்பன்றிக்குப் பயந்து வாங்கினாராம். இப்போது பீரோவில் தூங்குவதும் தேர்தல் வந்தால் ஒப்படைக்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வருவதும்தான் அதற்கு வேலை.

2024 மார்ச்சில் தேர்தல் அறிவித்ததும் ஒப்படைத்தோம். ஜூனில் திரும்பி வந்தது. மேலே லேசாகத் துரு. பெரியப்பா துடைத்து, வழக்கம்போல எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பூட்டினார். டிசம்பரில் ஒரு நாள் காலை எடுத்துப் பார்த்தால் குழலைத் திறக்கும் மேல் லீவர் களிக்குள் மாட்டிய கரண்டி மாதிரி நகர்ந்து பாதியில் நின்றுவிட்டது. குழல் அசையவே இல்லை.

திறக்காத துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கையில் எடுத்தவுடன் மறந்துபோகும். "காலியாத்தான் வச்சோம்" என்று பெரியப்பா மூன்று தடவை சொன்னார். இருக்கட்டும் என்று, தோட்டா இருப்பதாகவே நினைத்துக் குழல் வாயை மணல் மூட்டைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் மற்றதெல்லாம் செய்தேன். நம் வீட்டுத் துப்பாக்கி இல்லையென்றால் அந்த அளவுக்குக்கூடப் போகாமல் நேரே லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுத்திருப்பேன்.

குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றினேன். குதிரைகளை ஏற்றும் நெம்புகள் முன்கட்டையின் இரும்பில்தான் முட்டி வேலை செய்கின்றன. கட்டையை எடுத்துவிட்டால் குழல் குதிரைகளைத் தூக்க வேண்டியதில்லை. அப்போது சுலபமாகத் திறந்தால் குற்றம் நெம்பிலோ ஸ்பிரிங்கிலோ முன்கட்டையிலோ இருக்கிறது. திறக்காவிட்டால் பூட்டிலோ கீலிலோ தோட்டா அறையிலோ தேட வேண்டும். என்னுடையது கட்டையைக் கழற்றியும் அப்படியே நின்றது. மூடிய நிலையில் கழற்றினால் மூடிய நிலையிலேயே திரும்ப மாட்டிவிடுங்கள். குதிரைகள் விழுந்திருக்கும்போது வேறு வரிசையில் மாட்டப் போனால் கட்டை உட்காராமல் உயிரை வாங்கும்.

சரி, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகலாம் என்று வைத்துவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு உறையில் போடும் முன் சும்மா லீவரைத் தள்ளினால் திறந்துகொண்டது! உள்ளே காலி. மறுநாள் காலை மறுபடியும் அடம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குளிக்கப் போனபோது தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாட்டிலில் உறைந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெரியப்பா வழக்கமாகப் போடுவது தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது மெழுகாகிவிடும். இங்கே டிசம்பர் காலையில் அதற்கு வெகு கீழே இருக்கும். லீவர் தண்டிலும் குழலைப் பூட்டும் அடித் தாழ்ப்பாளிலும் பழைய அழுக்கோடு சேர்ந்து எண்ணெய் கட்டிபட்டிருக்கிறது.

உடுமலை விவசாயி:

உங்களுடையது சுடாமலே திறக்கவில்லை. என்னுடையது சுட்ட பிறகு மட்டும்தான் மக்கர். காலியாக இருந்தால் வெண்ணெய் மாதிரி திறக்கும், வெடித்தால் தொடையில் வைத்து அமுக்க வேண்டியிருக்கும். குதிரையை ஏற்றும் பாரம் சுட்ட பிறகு கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் இது அந்தக் கணக்கில்லை.

வெளியே வந்த வெற்றுத் தோட்டாவின் வாய் நார்நாராகக் கிழிந்திருந்தது. குழலுக்கு அடியில் உள்ள முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது இரண்டரை அங்குலம் என்று இருந்தது, தோட்டாக் கணக்கில் அது 65 மில்லிமீட்டர். நான் போட்டது 70 மில்லிமீட்டர் தோட்டா. வேடிக்கை என்னவென்றால் அது உள்ளே தாராளமாகப் போகும். பெட்டியில் போட்டிருக்கும் நீளம், வெடித்து வாய் விரிந்த பிறகு வரும் நீளம். மடித்த நிலையில் குட்டையாக இருப்பதால் சந்தேகமே வராது. வெடிக்கும்போது வாய் விரிந்து குழல் குறுகும் இடத்தில் போய் அடைக்கிறது. அழுத்தம் ஏறுகிறது, தோட்டா சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இத்தனை வருடம் குழல் தாங்கியதே பெரிய விஷயம். 1925க்கு முந்தைய பர்மிங்காம் குழல்களில் அங்குலக் கணக்கு இருக்காது, அறையை அளந்துதான் பார்க்க வேண்டும்.

தேனி:

எனக்கு வந்தது ஊசி. வலது குழலைச் சுட்டதும் அடிக்கும் ஊசி பின்வாங்காமல் தோட்டாவின் அடியில் இருக்கும் கேப்பிலேயே குத்திக்கொண்டு நின்றுவிட்டது. குழல் கீழே இறங்க முயலும்போது ஊசி பிடித்து இழுக்கிறது. அடையாளம் சுலபம், கேப்பில் உருண்டைக் குழிக்குப் பதில் ஒரு பக்கம் இழுபட்ட கீறல் இருக்கும். ஊசி போகும் துளையில் துரு, அவ்வளவுதான். ஆனால் அது தெரிவதற்கு முன் என் மாமா முழங்காலில் வைத்து ஒடித்ததில் பின்கட்டையின் மெல்லிய கழுத்தில் கீறல் விழுந்துவிட்டது. துரு எடுக்க ஆன செலவு கொஞ்சம்தான். கட்டைக்குக் கொடுத்ததைச் சொன்னால் மாமா கோபித்துக்கொள்வார்.

மடிக்கேரியிலிருந்து:

குடகில் செப்டம்பர் மாதம் கைல்போள்து என்ற ஆயுத வழிபாட்டுத் திருநாள் அன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்து, செங்காந்தள் பூ சொருகிக் கும்பிடுவார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டு நான் நம் ஊர் வழக்கத்தில் ஆயுத பூஜைக்கும் எடுத்து வைத்தேன். சந்தனம் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்துவிட்டேன் போல. லீவர் இடுக்கில் வழிந்து காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகிவிட்டது. குச்சி வைத்துச் சுரண்டியே ஒரு மணி நேரம். இப்போதெல்லாம் பொட்டு கட்டையில் மட்டும்தான்.

கோத்தகிரிக்காரன்:

சந்தனம் நான் யோசிக்காத காரணம்!

என் கதையின் மீதி. பழுதுபார்ப்பவர் பூட்டுப் பகுதியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினார். வந்த அழுக்கு வெல்லப்பாகு நிறம். அப்புறம் மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கரியைக் குழலுக்கு அடியில் கீலிலும் பூட்டிலும் மாட்டும் கொக்கிகளில் மைபோலப் பூசி, மூடித் திறந்து, எங்கே கரி தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். கீலை யாராவது முன்பு அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் ஒரே இடத்தில் பளிச்சென்று தேயுமாம். என்னுடையதில் சீராக இருந்தது, அதனால் அரம் வைக்கவில்லை. அரம் வைக்காமல் விட்டதற்கே அவருக்குத் தனியாகப் பணம் கொடுக்கலாம். கீலில் மிளகளவு கிரீஸ், லீவர் தண்டில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. அவ்வளவுதான்.

பெரியப்பா இன்னும் மாதம் ஒரு முறை துணியும் பாட்டிலுமாக வந்து உட்காருகிறார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. பாட்டிலுக்குள் இருப்பதை மட்டும் மாற்றி வைத்திருக்கிறேன்.