ஒரே கூடத்தில் பலவகை இசைஞர்கள்: கோத்தர் வாத்தியங்களை நேரடிப் பதிவில் எப்படி அமர்த்துவது?

கோத்தகிரி வாசகர்:
பிபிசியில் 1992 முதல் ஜூல்ஸ் ஹாலண்ட் நடத்திவரும் நிகழ்ச்சியில், ராக் குழுவானாலும் ஜாஸ் பாடகரானாலும் எல்லோரும் ஒரே கூடத்தில் வட்டமாக நிற்க, ஒருவர் வாசிப்பதை மற்றவர்கள் அருகிலிருந்தே கேட்கிறார்கள். 2008-இல் பாகிஸ்தானில் தொடங்கிய கோக் ஸ்டுடியோ என்னும் இசை நிகழ்ச்சியோ நிலையான வாத்தியக் குழு ஒன்றை வைத்துக்கொண்டு, அதனுடன் சூஃபி பக்தி இசையான கவ்வாலியைப் பாடுபவர்களையும் ராக் பாடகர்களையும் இணைத்தது. உள்ளூர் கேபிள் தொலைக்காட்சிக்காக இப்படியொரு நிகழ்ச்சி நடத்த விரும்புகிறோம். நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் ‘கொள்’ என்னும் ஊதுகுழலும் பறையும் கிட்டார் குழுவும் இடம்பெறும். எந்த முறை பொருந்தும்? ஒரு மைக்கில் மற்றொன்றின் ஒலி புகுந்துவிடாதா?

குன்னூர் ஒலிப்பதிவாளர்:
புகத்தான் செய்யும் ஐயா. அதற்காகக் கொள் வாசிப்பவரைக் கண்ணாடி அறைக்குள் தனியே அடைத்துவிடாதீர்கள். திறந்தவெளியில் ஒலித்துப் பழகிய அந்தக் குழலின் முழக்கம் சிறிய அறையில் காதைத் துளைக்கும். பறைக்காரரின் முகம் தெரியாவிட்டால் வாசிப்பின் உயிரும் போய்விடும். குழலைக் கூடத்தின் ஒரு கோடியிலும் பாடகரை மறுகோடியிலும் அமர்த்தி, குழலுக்கான மைக்கைச் சில அடி தள்ளி வையுங்கள். கிட்டாரை ஒலிபெருக்கி வழியாக அன்றி நேராக மிக்சரில் (ஒலிகளைக் கலக்கும் கருவியில்) இணைத்தால் பாதிச் சிக்கல் தீரும். எஞ்சிய கசிவு கூடத்தின் இயல்பான ஒலியாகவே கேட்கும். ஆனால் ஒருவர் பிழை செய்தாலும் எல்லோரும் மீண்டும் வாசிக்க நேரும் என்பதால், ஒத்திகையைக் குறைக்காதீர்கள்.

உதகை வாசகர்:
வட்டமாக அமர்த்துவதை முழுமனதோடு ஏற்கிறேன்; நிலையான குழுவோடு சேர்ப்பதை ஏற்க இயலவில்லை. கொள்ளின் சுரங்கள் கீபோர்டின் கட்டைகளுக்குள் அடங்குபவை அல்ல. பின்னணியில் கீபோர்டு ஒலித்தால், கேட்பவர்களுக்குக் குழல்தான் சுருதி விலகியதாகத் தோன்றும். அது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் அநீதி. அவர்கள் தங்கள் முறைப்படி முழுமையாக வாசிக்கட்டும், அடுத்து கிட்டார் குழு வாசிக்கட்டும். இன்னொன்றும் உண்டு. கோத்தர்களிடம் தெய்வத்துக்குரிய மெட்டுகள் வேறு, சாவுக்குரிய மெட்டுகள் வேறு. எதைக் கேமரா முன் வாசிக்கலாம் என்பதை ஊர்ப் பெரியவர்களே முடிவு செய்ய வேண்டும். பதிவுக்கு நாள் குறிக்கும் முன்பே அவர்களைச் சென்று பாருங்கள்.

கோத்தகிரி வாசகர்:
இருவருக்கும் நன்றி. வட்டமாகவே அமர்த்துகிறோம், இந்த வாரமே பெரியவர்களைச் சந்திக்கிறோம். கூடத்தில் பறையை நெருப்பில் காய்ச்ச முடியாதே, என்ன செய்வது?

குன்னூர் ஒலிப்பதிவாளர்:
முற்றத்தில் தீ மூட்டிக்கொள்ளுங்கள். நம் மூடுபனியில் தோல் விரைவில் தொய்ந்துவிடும். ஆகவே மைக், கேமரா, விளக்கு எல்லாம் தயாரான பிறகே பறையைக் காய்ச்சி உள்ளே கொண்டுவந்து, உடனே பதிவைத் தொடங்குங்கள்.