அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், வைலஸ் கவுண்ட்டி சம்மர் கேம்ப்: பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள் சொல்லுங்கள்

நேப்பர்வில் அப்பா
போன ஜூன். மகளுக்கு ஒன்பது வயது. ஆறு மணி நேரம் ஓட்டி ஈகிள் ரிவர் பக்கம் போய்ச் சேர்ந்தோம். பெட்டி, தூங்கும் பை, வாசலிலேயே தலையில் பேன் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அப்புறம் நீச்சல் டெஸ்ட். எங்கள் அபார்ட்மென்ட் குளத்தில் மீன் மாதிரி நீந்துகிறவள். ஆனால் அந்த ஏரித் தண்ணீர் பால் விடாத டீ நிறம், அடி தெரியாது. பலகைத் துறையின் ஓரத்தில் கால்விரல்களை மடக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். பின்னால் எட்டுப் பிள்ளைகள் வரிசையில். நான் கரையிலிருந்து "குதிம்மா, ஒன்றுமில்லை!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தாள். பயம் இல்லை அதில். 'நீங்கள் ஏன் இன்னும் கிளம்பவில்லை' என்கிற பார்வை. கேம்ப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலர் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒன்றும் பேசாமல் இவள் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். அதற்குள் பெற்றோரை எல்லாம் கார் பக்கம் அனுப்பிவிட்டார்கள். குதித்தாளா இல்லையா? இன்று வரை சொல்லவில்லை.

மேடிசன் அம்மா
என் பையனின் முதல் வாரக் கடிதம்: "அம்மா, ராத்திரி லூன் அழுகிறது. நான் அழவில்லை." அவ்வளவுதான். 'நான்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. அந்தப் பறவை அக்கரையிலிருந்து ஓநாய் ஊளை மாதிரி இழுக்கும்போது எனக்கே வயிற்றைப் பிசையும். ஜூனில் அங்கே சூரியன் மறையவே எட்டே முக்கால் ஆகிவிடும், அப்புறம்தான் அது ஆரம்பிக்கும். கடிதம் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

ரசம்சாதம்
மகளின் படிவத்தில் 'சைவம்' என்று எழுதிக் கொடுத்தேன். சமையலறையில் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டார்கள். கேம்ப்ஃபயரில் கோட்டை விட்டார்கள். "ஏழு ஸ்மோர் சாப்பிட்டேன்" என்று பாட்டி முன்னால் பெருமையடிக்கிறாள். ஸ்மோர் என்றால் பிஸ்கட்டுக்கு நடுவே சாக்லேட்டும் நெருப்பில் வாட்டிய மார்ஷ்மெல்லோவும். மார்ஷ்மெல்லோவில் மாட்டு, பன்றித் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கிறது என்று யாராவது அவளிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

முன்னாள் கவுன்சிலர்
நேப்பர்வில் அண்ணா, கோபிக்காதீர்கள், கரையில் நின்று கத்துகிற அப்பாக்களால்தான் டெஸ்ட் பாதி கெடும். நான் கல்லூரியில் படித்தபோது இரண்டு கோடை அங்கே ஏரிக்கரையில் வேலை பார்த்தேன். தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளையும் கரையில் இருக்கும் பலகையில் தன் அடையாள வில்லையை மாட்ட வேண்டும், ஒரு ஜோடியும் வேண்டும். விசில் ஊதினால் ஜோடியாகக் கையைத் தூக்குவார்கள், எண்ணுவோம். ஒரு நாள் எண்ணி முடித்தால் ஒரு வில்லை அதிகம். எல்லோரையும் கரையேற்றிவிட்டுக் கைகோத்து வரிசையாகத் தண்ணீருக்குள் நடந்தோம், காலால் தடவிக்கொண்டே. பையன் கழிப்பறையிலிருந்து துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தான். அவன் பெயர் மறந்துவிட்டது. காலில் தட்டுப்பட்ட அந்த மரக்கட்டை மறக்கவில்லை.

வாசாவ் சித்தப்பா
மார்ஷ்மெல்லோவா பிரச்சினை? உண்ணி! அண்ணன் மகனுக்குக் காது மடலின் பின்னால் ஒன்று இருந்தது, எடுத்துவிட்டோம், சரியாகிவிட்டது. விஷயம் என்னவென்றால், அந்த மான் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். முடிக்குள், அக்குளில், முழங்கால் மடிப்பில், இடுப்புப் பட்டி ஓரத்தில் பாருங்கள். நுனி கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள், திருகாதீர்கள். வாசலின், நெயில் பாலிஷ் வைத்தியம் எல்லாம் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் தொற்றாது. பெர்மெத்ரின் என்கிற உண்ணி கொல்லி மருந்து 0.5 சதவீதம், துணிக்கும் ஷூவுக்கும் மட்டும், தோலில் படக்கூடாது. தோலுக்கு டீட் என்கிற பூச்சி விரட்டி, பிள்ளைகளுக்கு 30 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். சாக்ஸுக்குள் பேண்டைச் செருகச் சொல்லுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்பார்கள், விடாதீர்கள்.

ரசம்சாதம்
சித்தப்பா, உண்ணியைப் பற்றி இங்கே யார் கேட்டது?

வாசாவ் சித்தப்பா
கேட்கும்வரை காத்திருந்தால் 24 மணி நேரம் தாண்டிவிடும்.

நேப்பர்வில் அப்பா
கவுன்சிலர் தம்பி, கோபம் இல்லை. இந்த வருடமும் பணம் கட்டியாகிவிட்டது. பேன் பார்த்து முடிந்ததும் நான் கிளம்பிவிட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. அம்மா நிற்கலாமாம்.