புதுப்பிப்பு: ஹீட்டர் காற்று முன்கண்ணாடிக்கு மட்டும் வந்த பிரச்சினை தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: டொராண்டோ குளிரில் என் பழைய பிக்கப் வண்டியில் ஹீட்டர் நன்றாகச் சுடுகிறது, ஆனால் காற்று முன்கண்ணாடிக்கு மட்டுமே போகிறது, காலுக்கும் முகத்துக்கும் வருவதில்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஃப்யூஸ், ப்ளோயர் மோட்டார் இரண்டிலும் கோளாறு இல்லை. டாஷ்போர்டைக் கழற்றச் சொன்னதை நல்லவேளையாகத் தள்ளிப்போட்டேன். “மேடு ஏறும்போது காற்று இடம் மாறுகிறதா?” என்று ஓர் அண்ணன் கேட்டாரே, அதுதான் சரியான கேள்வி. முதலில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் மாறியது, அப்புறம் எப்போதுமே. இந்த வண்டியில் காற்றைத் திருப்பும் கதவுகளை இழுப்பது இன்ஜினின் வேக்குவம், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவிசை. அது கசிந்தால் ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். ஓட்டுபவருக்குப் பாதை மறையக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு.

அந்த வேக்குவத்தைக் கொண்டுபோக பேட்டரிக்கு அடியில் போகும் மெல்லிய கறுப்புக் குழாய் விரல் பட்டதும் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. ஓர் அடி ரப்பர் குழாய் வாங்கிப் போட்டேன். செக் வால்வையும் ஊதிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் போக வேண்டிய காற்று இரண்டு பக்கமும் போனது. அதையும் மாற்றியதும் காலுக்குச் சூடு வந்துவிட்டது.

எதிர்பாராதது: சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் நடுங்குமே, அதுவும் நின்றுவிட்டது. ஸ்பார்க் பிளக் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்கும் இந்தக் கசிவுதான் காரணம் போல.

புது வண்டிகளில் வேக்குவத்துக்குப் பதில் சின்ன மின்மோட்டார்தான் இருக்கும். டாஷ்போர்டுக்குள் ‘டிக் டிக்’ என்று கேட்டால் முதலில் அதைப் பாருங்கள்.