குடியிருப்போர் சங்கத்தின் கணக்கை உறுப்பினர் பார்க்க வழி என்ன?

கேள்வி (ஒலவக்கோடு, பாலக்காடு)

எங்கள் அடுக்குமாடியில் 32 வீடுகள். சங்கம் 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. பராமரிப்புத் தொகையை ஒரு மாதம்கூட நான் நிலுவை வைத்ததில்லை. ஆண்டுக் கணக்கு என்று லிஃப்ட் கதவருகே ஒட்டிய ஒற்றைத் தாளில் 'லிஃப்ட் பழுது 1,84,000' என்று ஒரு வரியும், அதன் கீழே மலையாளத்தில் 'பலவக 62,500' என்று இன்னொரு வரியும் இருந்தனவே தவிர, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்ற விவரம் இல்லை. பில்களையும் வங்கிக் கணக்கையும் காட்டும்படி கேட்டால், உறுப்பினருக்குக் காட்ட வேண்டும் என்று பைலாவில் (சங்கத்தின் விதிகளில்) இல்லை என்கிறார் செயலாளர். அந்தப் பைலாவைக் கேட்டால் அதையும் தர மறுக்கிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சங்கத்துக்கு மனுப் போடலாமா?

பதில் 1 (கொழிஞ்சாம்பாறை)

அம்மா, சங்கத்துக்கு நேரே மனுப் போட்டுப் பயனில்லை. தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், அரசின் பிடியிலோ பெருமளவு அரசுப் பணத்திலோ நடக்காத கூட்டுறவுச் சங்கங்களே அந்தச் சட்டத்துக்குள் வாரா என்று தீர்ப்பளித்துவிட்டது.

ஆனால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. விதிகளின் நகலைத் தாக்கல் செய்யாமல் எந்தச் சங்கமும் பதிவாகாது. ஆகவே செயலாளர் மறைக்கும் பைலா மாவட்டப் பதிவாளர் அலுவலகக் கோப்பில் இருந்தாக வேண்டும். அங்கே தாக்கலான ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம், சான்றிட்ட நகலும் வாங்கலாம் என்று உங்கள் சங்கம் பதிவான 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. (சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யத்தில் இருந்ததால் எங்கள் பக்கத்துச் சங்கங்கள் 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டத்தில் வரும். பாலக்காடு நகரம் மலபாரில் இருந்ததால் உங்களுக்கு 1860-ஆம் ஆண்டுச் சட்டம்.) முதலில் பைலா உங்கள் கைக்கு வரட்டும்; கணக்கைப் பற்றிய விதி எது என்று பார்த்த பிறகு மேலே பேசலாம்.

பதில் 2 (கல்பாத்தி)

எங்கள் சங்கத்தில் நான் மூன்றாண்டுகள் பொருளாளராக இருந்தேன். 'எல்லாக் கணக்கையும் காட்டுங்கள்' என்று எழுதாதீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது எளிது. லிஃப்ட் பழுதுக்கு வாங்கிய கொட்டேஷன்கள், பில், செலவை அனுமதித்த கமிட்டித் தீர்மானம், பணம் போன வங்கிப் பதிவு என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு, ஸ்பீட் போஸ்ட்டில், கடிதம் சேர்ந்ததற்கான சான்றும் கேட்டு அனுப்புங்கள். பார்க்கப் போகும்போது இன்னோர் உறுப்பினரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பைலாவின் நகல் கிடைத்துவிட்டது. ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் எந்த உறுப்பினரும் கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் பார்க்கலாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அந்த விதியைச் சுட்டிக்காட்டி, லிஃப்ட் பழுதையும் 'பலவக'வையும் மட்டும் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பினேன். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் மாடி அக்காவும் உடன் வருகிறார்.