உதவி: கையெழுத்து வாங்கிய தேவை ஆவணம், சோதனையில் இடிக்கிறது

மணலி_நிரலர்:
திருவொற்றியூரில் கண்டெய்னர் ஏற்றும் ஒரு டிரெய்லர் லாரி ஆபீஸுக்கு டிரிப் ஷீட் மென்பொருள் செய்கிறோம். முதலாளியிடம் பேசி, மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று தேவை ஆவணம் 40 பக்கம் எழுதி, கையெழுத்தும் வாங்கியாச்சு. சோதனைக்குக் கொடுத்தால் புக்கிங் கிளார்க், "இதுல என் வேலை ஓடாது" என்கிறார். டிரிப்புக்கு ஒரு கண்டெய்னர் நம்பர் என்று வைத்தோம். அவர் இரண்டு கேட்கிறார். முதலாளியோ "எப்பவாவதுதான் அப்படி வரும்" என்கிறார். யார் சொல்வதை எழுதுவது?

தேவை_எழுத்தர்:
இந்த விஷயத்தில் கிளார்க் சொல்வதைத்தான். 40 அடி டிரெய்லரில் 20 அடிப் பெட்டி இரண்டு ஏறும். பார்ட்டியும் (சரக்கு அனுப்பும் வாடிக்கையாளர்) இறக்கும் இடமும் வேறு வேறாக இருக்கலாம். அதனால் இரண்டாவது நம்பருக்கு ஒரு கட்டம் சேர்த்துவிட்டு நிறுத்தாதீங்க, பில் போடும்போது மறுபடி இடிக்கும். டிரிப் தனி டேபிள், பெட்டி தனி டேபிள். டீசலும் டிரைவர் பாட்டாவும் டிரிப்போடு. பார்ட்டி, இறக்கும் இடம், வாடகை பெட்டியோடு.

"எப்பவாவது" என்பதை விவாதிக்க வேண்டாம். போன மாத டிரிப் ஷீட் கட்டை வாங்கி எண்ணிடுங்க. வெறும் ஃபாரம் உதவாது, நிரப்பினதுதான் வேணும். ஓரத்தில் கிறுக்கினது, அடித்துத் திருத்தினது, வேறு மையில் எழுதினது எல்லாமே நீங்கள் எழுதாமல் விட்ட தேவைகள். ஹார்பர் வரிசையில் வண்டி நின்றால் டிரிப் மறுநாளுக்குப் போகும். ஒரே ஒரு "தேதி" கட்டம் வைத்தால் ஹால்டிங் (வண்டி காத்து நின்றதற்கான கட்டணம்) கணக்கு தப்பும். கேட் உள்ளே, வெளியே இரண்டுக்கும் தேதியோடு நேரம் வேண்டும்.

வாடகை விகிதம், யார் திருத்தலாம் என்பது மட்டும் முதலாளியிடம் கேளுங்கள்.

மணலி_நிரலர்:
நன்றி சார். "கண்டெய்னர் நம்பர் சரியாக இருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

சோதனை_மேசை:
போதாது. "சரியாக" என்பதை எப்படிச் சோதிப்பது? கண்டெய்னர் நம்பருக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 6346 படி 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஏ-க்கு 10 என்று தொடங்கி 11, 22, 33 மூன்றையும் தாண்டி எழுத்துகளுக்கு மதிப்பு. இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என இரட்டித்துப் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்த மீதிதான் அந்த இலக்கம். மீதி 10 வந்தால் 0. ஆவணத்தில் உதாரணத்தோடு எழுதுங்க: "சி.எஸ்.க்யூ.யூ. 305438, கடைசி இலக்கம் 3: ஏற்கும். அதே நம்பர், கடைசி 8: எச்சரிக்கும்."

தடுக்கச் சொல்லவில்லை, கவனிங்க. தடுத்தால், பார்ட்டி தப்பான நம்பர் அனுப்பியிருக்கும்போது ராத்திரியில் வண்டியே கிளம்பாது. கிளார்க் ஏதோ ஒரு நம்பரைப் போட்டு ஒப்பேற்றுவார். சிவப்புக் குறியோடு சேமிக்க விடுங்கள், பில்லில் தடுங்கள்.

தேவை_எழுத்தர்:
கையெழுத்தான பக்கத்தில் சத்தமில்லாமல் திருத்தாதீங்க. பதிப்பு 1.1 போட்டு ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண், சொன்னவர், தேதி, எந்தத் திரை, எத்தனை நாள் கூடுதல் வேலை என்று ஒரு வரி. எண்ணின கணக்கை மேலே வைத்து முதலாளியிடம் மறுபடி கையெழுத்து வாங்குங்க. இந்த முறை கிளார்க்கும் பக்கத்தில் இருக்கட்டும்.