மூளைச்சாவு கேஸ் பார்க்கும் நர்ஸ்களுக்கு ஒரு கேள்வி

ஐசியூ_சிஸ்டர்:
நியூரோ ஐசியூவில் இருக்கிறேன். உறுப்பு தானம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் மூளைச்சாவு என்று அறிவித்த பிறகும் உடம்பு சூடாக இருக்கிறது, மானிட்டரில் துடிப்பு ஓடுகிறது, நானும் திருப்பிப் படுக்கவைத்து, பிபி இறங்காமல் பார்த்து, கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அப்போது அவருடைய அம்மா வந்து "கை அசைஞ்சுதே சிஸ்டர், பிழைச்சிடுவானா?" என்று கேட்டால் என்ன சொல்வது? டாக்டர் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போய்விடுகிறார், மீதி நேரமெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்ப்பது நாங்கள்தான். உங்கள் வீட்டில் ஒருவர் என்றால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?

சீனியர்_ஸ்டாஃப்:
போடுவேன் தங்கச்சி. கை அசைவது தண்டுவட அனிச்சை, மூளை செத்த பிறகும் வரும். அடுத்த முறை ஆப்னியா டெஸ்ட் நடக்கும்போது பக்கத்தில் நில். வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்வரை காத்திருப்பார்கள், ஒரு மூச்சுகூட வராது. நேரில் பார்த்தபிறகுதான் எனக்குத் தெளிந்தது. 1994 மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நாலு டாக்டர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதிக்க வேண்டும்.

வார்டு_நம்பர்_7:
சட்டமெல்லாம் சரிதான் அக்கா, நம்பிக்கை எங்கே? ஏழை வீட்டுப் பையனின் கிட்னி பணக்காரனுக்குப் போகிறது என்று வார்டிலேயே பேசுகிறார்கள், நர்ஸ்களும் பேசுகிறார்கள். டிரான்ஸ்டான் (தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) வரிசையில் யாருக்கு எப்படி ஒதுக்குகிறார்கள் என்று எங்களுக்கு ஒரு வகுப்பாவது எடுத்தார்களா? தானம் முடிந்ததும் அந்தக் குடும்பம் என்ன ஆனது என்றுகூட எங்களிடம் யாரும் சொல்வதில்லை.

கோஆர்டினேட்டர்:
நீங்கள் சொல்வது நியாயமான கோபம். ஆனால் தானம் பற்றிக் கேட்பது நர்ஸின் வேலை இல்லை, அது உறுப்பு மாற்று கோஆர்டினேட்டர்களான எங்கள் வேலை. இறந்துவிட்டார் என்பது குடும்பத்துக்குப் புரியும் முன்னால் தயவுசெய்து யாரும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அந்த அம்மா கேட்டால், "மூளை முழுசா நின்னுடுச்சும்மா, மெஷின்தான் மூச்சு விட வைக்குது, டாக்டரை இன்னொரு தடவை வரச் சொல்றேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வரவழையுங்கள். 2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பெற்றோர் இருவருமே டாக்டர்கள், அவர்களுக்குப் புரியவைக்க யாரும் தேவைப்படவில்லை. மற்ற குடும்பங்களுக்கு நீங்கள் சொல்வதுதான் முதலில் காதில் விழுகிறது.

ஐசியூ_சிஸ்டர்:
நன்றி சார். ஆப்னியா டெஸ்ட் சமயத்தில் குடும்பத்தில் ஒருவரையும் உள்ளே நிற்க விடலாமா? எங்கள் யூனிட்டில் வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.