அம்பில் மந்திரமா, வில்லில் மந்திரமா? உங்கள் மேசையில் நடந்ததைச் சொல்லுங்கள்

டி அண்ட் டி (Dungeons & Dragons, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பில், 2014 விதிகளில், ஆடிய ஒரு நீண்ட கேம்பெய்ன், அதாவது தொடர்கதை. ஏழாம் லெவலில் என் வில்லாளிக்கு ஓர் அம்பு கிடைத்தது. 'ஆரோ ஆஃப் ஸ்லேயிங்', டிராகன்களுக்கென்றே செய்தது. அன்றிலிருந்து ஒன்றரை வருடம் அதை அம்பறாத்தூணியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. சாகக் கிடந்த சண்டைகளில்கூட சாதா அம்புதான். என்றைக்காவது ஒரு டிராகன் வரும், ஒரே அம்பில் கதையை முடித்துவிடுவேன் என்று கனவு.

வந்தது. வயது வந்த சிவப்பு டிராகன், 256 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளிகள்). முதல் சுற்றிலேயே அம்பைத் தொடுத்தேன். இருபதுமுகப் பகடையில் 4. அம்பு அதன் தலைக்கு மேலே பறந்து பள்ளத்தாக்கில் விழுந்தது.

அப்புறம்தான் எல்லோரும் புத்தகத்தைப் புரட்டினோம். அந்த அம்பு தன் கூடுதல் சேதத்தைக் கொடுத்த பிறகே மந்திரத்தை இழக்கும். குறி தவறினால் இழப்பதில்லை. அப்படியானால் பள்ளத்தில் கிடப்பது இன்னும் மந்திர அம்புதான். ஆனால் சண்டை முடிந்து ஒரு நிமிடம் தேடினால் எய்த அம்புகளில் பாதிதான் கிடைக்கும் என்று இன்னொரு விதி. எய்தது ஒன்று, அதில் பாதி எவ்வளவு? பத்து நிமிடம் வாக்குவாதம். கடைசியில் எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஒற்றையா இரட்டையா பார்த்து, "இருக்கிறது, இறங்கி எடுத்துக்கொள்" என்றார். டிராகன் அதற்குள் பறந்து போயிருந்தது. எங்கள் திருடி கயிறு கட்டி இறங்கி எடுத்து வந்தாள்.

இரண்டாம் முறை அதே டிராகன், அதே அம்பு. பட்டது! கூடுதலாக ஆறு பத்துமுகப் பகடை, கூட்டினால் 29. டிராகனுக்கு டிசி 17 கான்ஸ்டிட்யூஷன் சேவ் (பகடையோடு உடல்வலு போனஸைக் கூட்டி 17 எட்ட வேண்டும்), ஜெயித்தால் பாதிதான். அந்த டிராகனுக்கு அந்த சேவில் +13. பகடையில் 4 விழுந்தாலே போதும். தோற்றாலும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (தோற்ற சேவை வெற்றியாக மாற்றும் சக்தி) மூன்று முறை இருக்கிறது. விழுந்தது 11. ஆக, 14 சேதம். எங்கள் பார்பேரியன் (முரட்டுப் போராளி) ஒரு சுற்றில் சாதாரணமாக அடிப்பது அதைவிட அதிகம். பெயரில் இருந்த 'ஸ்லேயிங்'கை நம்பி, விவரத்தை முன்பே படிக்காத என் தப்புதான்.

உங்கள் மந்திர அம்பு, வில், எறியீட்டி அனுபவங்களை எழுதுங்கள்.

* * *

பழைய ஆட்டக்காரன் ஒருவன். மூன்றாம் பதிப்பில் அந்த அம்பு நிஜமாகவே சாவு அம்பு: ஃபார்டிட்யூட் (உடல்வலு) சேவ் டிசி 20, தோற்றால் செத்தான். நீங்கள் இருபது வருடம் தாமதமாக வந்திருக்கிறீர்கள்!

என் கதை 2003இல் 3.5 (மூன்றாம் பதிப்பின் திருத்தம்) வந்தபோது நடந்தது. அதற்கு முந்தைய 3.0 விதியில் வில்லின் போனஸும் அம்பின் போனஸும் கூடும். என்னிடம் +3 வில், கட்டுக்கட்டாக +2 அம்புகள். அம்பு விட்டாலே +5. புதிய புத்தகம் வந்ததும் அந்த இரண்டில் எது பெரியதோ அதுதான் கணக்கு என்றாகிவிட்டது. ஒரே நாளில் என் அம்புகள் எல்லாம் விறகாகிவிட்டன. அம்புகளைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் வணிகன் யாரும் இல்லையா என்று டிஎம்மிடம் கெஞ்சினேன். இல்லை என்றார், சிரிக்காமல்.

வழி என்னவென்றால், கூடாமல் போவது எண் போனஸ் மட்டும்தான். வில்லில் எண்ணை வைத்துக்கொண்டு அம்பில் வேறு சக்தியை ஏற்றினால் இரண்டும் வேலை செய்யும். அதற்குப் பிறகு ராட்சதர்களுக்கென்று 'பேன்' (bane, குறிப்பிட்ட வகை எதிரிக்குக் கூடுதல் சேதம் தருபவை) அம்புகள் ஒரு கட்டு வைத்திருந்தேன், பேய்களுக்கு இன்னொரு கட்டு.

செலவுதான் வயிற்றெரிச்சல். ஐம்பது அம்புகளை +1 ஆக்க மந்திரச் செலவு மட்டும் 2,000 தங்கம், அதாவது அம்புக்கு 40. பட்டால் அம்பு காலி, தவறினாலும் பாதிக்குப் பாதி உடையும். சுற்றுக்கு ஐந்து அம்பு விடும் லெவலில் ஆறு விநாடிக்கு 200 தங்கம் காற்றில் போகும். எங்கள் வாள்வீரன் ஒரே வாளை வைத்துக்கொண்டு பதினைந்து லெவல் ஓட்டினான்.

ஒன்று மறந்துவிட்டேன். அந்த +3 வில்லோடு ஒரு கல்லறைக்குள் போனோம். எதிரே எலும்புக்கூடுகள். மந்திரம் இருந்து என்ன பயன், மழுங்கிய ஆயுதத்தால் அடிக்காவிட்டால் ஒவ்வோர் அடியின் சேதத்திலும் 5 கழியும். அன்று வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு தடியால் அடித்தேன்.

* * *

நான் டிஎம் பக்கம், ஒரு பாவமன்னிப்பு. ஐந்தாம் பதிப்பு நடத்த ஆரம்பித்த புதிதில் ஓநாய் மனிதர்களை இறக்கினேன். 2014 விதிகளில் மந்திரமோ வெள்ளியோ இல்லாத ஆயுதம் அவர்களை ஒன்றும் செய்யாது. வில்லாளியிடம் +1 வில் இருந்தது. "வில் மந்திரம், சரி. உடம்பில் படுவது அம்புதானே, அது வெறும் மரம்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் மாலை முழுக்க பூஜ்ஜியம் சேதம் போட்டாள். வீட்டுக்குப் போய் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்தால், மந்திர வில்லிலிருந்து போகும் அம்பும் அந்தத் தடைகளைத் தாண்ட மந்திரமாகவே கருதப்படும் என்று தெளிவாக இருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்களே, நான் வில்லை விட்டுவிட்டு அம்பை நொந்துகொண்டிருந்தேன். அடுத்த செஷனில் மன்னிப்பு கேட்டேன்.

அவளுக்கே பின்னால் 'ஓத்போ' (Oathbow, சபத வில்) கொடுத்தேன், பரிகாரமாக. ஒருவனைக் காட்டிச் சபதம் போட்டால் அவன் மேல் விடும் அம்புகளுக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது), பட்டால் மூன்று ஆறுமுகப் பகடை கூடுதல் சேதம், மறைவிடமும் தூரமும் பெரிய பொருட்டில்லை. அவன் சாகும்வரை, அல்லது ஏழு நாள் கழித்து விடியும்வரை. அவள் ஆசையாக என் முக்கிய வில்லன் மேலேயே சபதம் போட்டாள். வில்லன் டெலிபோர்ட் ஆகிப் போய்விட்டான். நான் திட்டமிடவில்லை, அவனுக்கு உயிர் மேல் ஆசை! அந்த எதிரி உயிரோடு இருக்கும்வரை வேறு எந்த ஆயுதத்தை எடுத்தாலும் டிஸட்வான்டேஜ் (இரண்டில் சிறியது). அடுத்த சண்டைகள் எல்லாம் குறுகிய சுரங்கத்துக்குள். எதிரி ஐந்தடிக்குள் வந்தால் வில்லுக்கும் டிஸட்வான்டேஜ், கத்திக்கும் டிஸட்வான்டேஜ். ஆறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். இப்போதும் பரிகாரம் என்ற வார்த்தையைச் சொன்னால் முறைக்கிறாள்.

* * *

நீங்கள் எல்லாம் அம்பு எண்ணுகிறீர்களா? ஆர்ட்டிஃபிஸர் (மந்திரக் கைவினைஞர்) எடுங்கள். 'ரிப்பீட்டிங் ஷாட்' ஏற்றிய குறுக்குவில் தன் அம்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், ஒவ்வொரு முறை விடும்போதும். மறுபடி பூட்டும் தொல்லையும் இல்லை. சிறையில் அடைத்தபோது காவலர்கள் என் அம்புகளைப் பறித்துக்கொண்டு, காலி குறுக்குவில்லைக் கையிலேயே விட்டுவிட்டார்கள். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

* * *

பாத்ஃபைண்டர் (டி அண்ட் டி போன்ற இன்னொரு ஆட்டம்) இரண்டாம் பதிப்புக்கு மாறுகிறவர்கள் கவனம். நெருப்பு ரூன் (மந்திரக் குறி) பதித்த வில்லில் விசேஷ அம்பைத் தொடுத்து, இரண்டு பலனையும் கூட்டிச் சொன்னேன். டிஎம் கையைக் காட்டி நிறுத்தினார். வில்லின் அடிப்படை ரூன்கள் சேரும், நெருப்பு மாதிரியான சிறப்பு ரூன்கள் சேராது, அந்த அம்பிலேயே சேரும் என்று எழுதியிருந்தால் ஒழிய. சில அம்புகளை முதலில் உசுப்ப வேண்டும், அதற்கே ஓர் ஆக்‌ஷன் போய்விடும். அந்த டர்னுக்குள் விடாவிட்டால் அடங்கிவிடும். நல்லவேளை, வீணாகாது. ஆனால் விட்டுக் குறி தவறினால் போனது போனதுதான், பள்ளத்தில் இறங்கித் தேடும் வேலை எல்லாம் கிடையாது.

* * *

முதல் பதிவு போட்டவன்தான். எல்லாவற்றையும் படித்தேன். 3.5காரருக்கு ஒரு விஷயம்: ஐந்தாம் பதிப்பில் +1 வில்லும் +1 அம்பும் கூடும். நீங்கள் அந்த அம்புகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்கலாம்.

டிராகன் என்னவானது என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டிருந்தார்கள். பார்பேரியன்தான் கொன்றான், கோடாரியால். கர்ணன் அர்ச்சுனனுக்கென்று காத்து வைத்த சக்தி ஆயுதத்தைக் கடோத்கசன் மேல் விட வேண்டிவந்ததே, அவனுக்காவது எதிரி செத்தான். மந்திரம் போன அந்த அம்பை டிராகனின் தோள்பட்டையிலிருந்து பிடுங்கி எடுத்தோம். முனை உடையவில்லை. இப்போது எங்கள் திருடி அதை வைத்துத்தான் பூட்டு திறக்கிறாள், என்னைவிட நன்றாகவே பயன்படுத்துகிறாள்.